பிறேக் இல்லாத சூரைக் காக்கா

அக்கரைப்பற்று அரிசி ஆலை வேலை இனிச் சரிவராது என்று விட்டுவிட்டு, ஒரு சாரனையும் ஒரு சேர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். சாய்ந்தமருதில்தான், இந்தக் கரையிலேயே எவருக்கும் நிற்காத மனிதரைக் கண்டேன். நிற்காதவர் என்றால் மெய்யாகவே நிற்காதவர். சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி. வாங்க வந்த பெண்கள் தட்டை ஏந்திக்கொண்டு கூடவே ஓடினார்கள்.

ஊர் அவரைச் சூரைக் காக்கா என்றது; காக்கா என்றால் இங்கே அண்ணன், சூரை அவர் விற்கிற மீன். நானும் ஓடியபடி கேட்டேன்: "கொஞ்சம் நிப்பாட்டினா என்ன காக்கா?"

"நிண்டா மௌத்து, சாவுதான் தம்பி! மத்த மீனெல்லாம் நிண்ட இடத்துல செவுள அடிச்சி மூச்சு விடும். சூரைக்கு அது ஏலா. வாயத் துறந்துட்டு ஓடினாத்தான் செவுளுக்குள்ள தண்ணி போகும்."

பல வருடம் ஆழ்கடலில் சூரை பிடித்தவர், கரைக்கு வந்ததும் சூரையாகவே வாழ்வது என்று முடிவெடுத்துவிட்டார். வேகம் எடுக்கும்போது சூரை முதுகுச் செட்டையைப் பள்ளத்துக்குள் மடித்துக்கொள்ளுமாம். இவர் சைக்கிளின் மட்காட்டையும் பெல்லையும் கழற்றினார். சூரையின் கண் வெளியே துருத்தாது என்று மூக்குக்கண்ணாடியையும் கழற்றினார். அதன்பின் இரண்டு வேலிகளும் ஒரு ஆடும் அவரை நிறுத்தப் பார்த்தன, முடியவில்லை. சூரையின் உடம்பு கடல்நீரைவிடச் சூடு என்பதால் அடைமழையிலும் குடை கிடையாது. கடைசியாகப் பிறேக்.

"சூரைக்கு ஆரு பிறேக் பூட்டின?"

அன்று அவர் ஓட்டியபடியே எறிந்த மீன்துண்டு, கூட ஓடிவந்த பெண்களில் ஒரு ராத்தாவின் தட்டைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. ராத்தா போட்ட சத்தத்தில் மீன்சந்தைத் தலைவரே வந்து நடுரோட்டில் கையை விரித்தார்.

"காக்கா, இனிச் சந்தை மேசையில குந்தி வில்லுங்க. இல்லாட்டி நாளையிலிருந்து ஏலத்துல ஒங்களுக்கு மீன் இல்ல."

மீன் இல்லை என்றால் வீட்டில் உலை இல்லை. காக்கா தலைவரைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கத்தினார்:

"தொழுகைக்கு நிப்பன். அது அல்லாஹ்ட கட்டள. ஒங்கட மேசைக்கு நிக்க மாட்டன்!"

அவரோடு சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்த தலைவர், கிறுகிறுத்து மதகில் குந்திவிட்டார்.

ராத்தாவுக்கே மனம் இளகிவிட்டது. "இந்த மனிசன் ஓடித் தொலையட்டும். நிண்டு வெட்டித் தர ஒரு ஆள வெச்சாப் போதும், நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

"ஓம், ஆரும் ஒருத்தன் நிண்டாச் சரி," என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டே.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலை இல்லாதவன் முகம் எந்த ஊரிலும் தெரியும்.

எங்கேயும் கால் ஊன்றியவன் இல்லை நான். மறுநாள் காலை, பலகையும் கத்தியுமாகச் சந்தியில் நின்று, அவர் போகிற போக்கில் எறிந்த சூரையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அவர் ஓடட்டும். நிற்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.