கொரிய ராணிக்கு எங்கள் வீட்டு அடுப்பு எப்படித் தெரியும்?

வெலிகம,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சுமுதுவுக்குப் பெரியப்பா குலதிலக எழுதுவது. புத்தர் முதலான மும்மணிகளின் காவல் உனக்கு என்றும் இருக்கட்டும். என் முழங்கால் நலம். மற்ற எதுவும் நலமில்லை.

தொலைக்காட்சியில் கொரிய அரச நாடகத்துக்குச் சிங்களத்தில் வசனம் எழுதி அடியில் ஓடவிடுவது என் தம்பி மகன்தான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். அதனால் உரிமையோடு கேட்கிறேன். சந்திரலதா பெரியம்மா போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் அவள் பேச்சை எடுத்து அந்தக் கிழட்டு மகாராணி வாயில் போடலாமா? நீ எங்கள் வீட்டில் இருந்து படித்தவன், அவள் எப்படிப் பேசுவாள் என்று உனக்குத் தெரியும், சரி. போன வாரம் அரண்மனையில் மந்திரிகள் எல்லாம் குனிந்து நிற்க, ராணி நேரே என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கீழே ஓடிய எழுத்து: "பெனியனோட வாசல்ல நிக்காதீங்க, ரோட்டுல சனம் போகுது." நான் பெனியனோடு வாசலில்தான் நின்றேன். பட்டும் தொப்பியும் போட்ட மந்திரியிடம் பெனியனைப் பற்றி என்ன பேச்சு என்று சிரித்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சிரிக்க முடியவில்லை. எதிரிப் படை கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது, ராணி கையை உயர்த்தினாள். "காஸை மூடுங்க, பருப்பு பொங்குது." அந்தக் காலத்து அரண்மனையில் ஏது காஸ்? குசினிக்கு ஓடினேன். பருப்பு பொங்கி நெருப்பு அணைந்து, காஸ் சீறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஜயசுந்தர கத்தினான்.

"குலதிலக! ராணி சொன்னதைப் பார்த்தியா? நானும் எந்திரிச்சுப் போய் எங்க அடுப்பைப் பார்த்தேன், மனுசா!"

வேலியோரப் பலாமரத் தகராறுக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. ஆக, கண்ணில் கோளாறு எனக்கு மட்டுமில்லை.

நேற்று நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பெரியம்மா என் கையைப் பிடித்து, "நீங்க இனிமே..." என்று தொடங்கினாள். அதற்குள் தாதி ஊசியோடு வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். திரும்பிப் போனபோது பேச்சு இல்லை. அந்தப் பாதிப் பேச்சை நான் எவரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்தான். நேற்று ராணி, ராசாவின் வெறும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். வாய் அசையவில்லை. எழுத்து மட்டும் வந்தது. "நீங்க இனிமே தனியா சாப்பிடாதீங்க. மரத்தை விட்டுத் தள்ளிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போங்க."

சோற்றுத் தட்டோடு, வெட்கம் கெட்டுப்போய் ஜயசுந்தர வீட்டுக்கு நடந்தேன். தட்டுவதற்கு முன்பே அவன் பெண்சாதி மாலனி கதவைத் திறந்தாள். மேசையருகே நான் உட்கார மூன்றாவது கதிரை போட்டாயிற்று.

"வாங்க ஐயா. சந்திரலதா அக்கா சொன்னாலும் நீங்க கேக்கமாட்டீங்கன்னு இவர் பந்தயமே கட்டினார்" என்றாள்.

"ராணி சொன்னாள்னு சொல்லு," என்றான் ஜயசுந்தர, முகம் வெளுத்து.

மூவரும் சாப்பிட்டோம். புளி போட்டு வற்றவைத்த மீன் அம்புல்தியல் நன்றாகவே இருந்தது. ஆனால் மகனே, இது விளையாட்டுக்கு அடங்காத காரியம். அந்தப் பாதிப் பேச்சு உனக்கு எப்படிக் கிடைத்தது என்று எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதை உடனே நிறுத்து. கதையில் உள்ளதை மட்டும் போடு.

உன் வேலை சிறக்கட்டும், கண்ணூறு படாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா.

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அம்மா தொலைபேசியில் அழைத்தாள். போன வெசாக் பண்டிகையோடு உன்னைச் செய்திப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாமே. இப்போது வசனம் எழுதும் பிள்ளைக்கு வெலிகம எந்தப் பக்கம் என்றே தெரியாதாம். அப்படியானால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. அங்கே யாரையும் எதுவும் கேட்காதே. நான் நிறுத்தச் சொன்னேன் என்பது பெரியம்மா காதுக்கு மட்டும் போய்விடக் கூடாது.