போட்டுக் காட்டுபவர்

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘போட்டுக் காட்டுபவர்’. உடையாத பொருள் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதைச் சும்மா வைத்துக்கொள்ள இவரால் முடியாது. பார்த்திருப்பீர்கள். புதுக் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தண்ணீர்க் குவளைக்குள் போட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பவர், பயணப்பெட்டி வாங்கிய அன்றே அதன்மேல் ஏறி நின்று உங்களையும் ஏறச் சொல்பவர், எல்லாரும் இவருக்குப் பங்காளிகள்தான்.

நான் பார்த்ததில் முதல்தர மாதிரி, ஒரு பீங்கான் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அங்கே பீங்கான் மாவில் நிக்கல் தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, உலையில் வேகவைக்கிறார்கள். சாதாரணப் பீங்கானில் விரிசல் விழுந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடிவிடும். உள்ளே உலோகத் துணுக்கு இருந்தால் ஓடி வரும் விரிசல் அதில் முட்டிக்கொள்ளும். துணுக்கு கொஞ்சம் நீண்டு கொடுத்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ள, விரிசல் அங்கேயே நின்றுபோகும். தலைவர் இதை விளக்கினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். விளக்கத்தோடு விடுவாரா? சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையளவு சாம்பல்நிறத் தட்டை எடுப்பார். நெஞ்சுயரத்தில் நீட்டுவார். “பாத்துக்கங்க,” என்பார். போடுவார்.

டிங்.

பார்வையிட வந்த பள்ளிப் பிள்ளைகள், தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவர், வழி தெரியாமல் உள்ளே நுழைந்தவர், எல்லார் முன்னாலும் டிங். மச்சினன் வீட்டு விருந்தில் பேச்சு வேகத்தில் கையில் இருந்ததைப் போட்டுவிட்டார். “ஏங்க, அது உங்க தட்டு இல்ல. அண்ணன் வீட்டுத் தட்டு,” என்றார் மனைவி, துடைப்பத்தைத் தேடிக்கொண்டே. தலைவர் கலங்கவில்லை. “பாத்தீங்களா வித்தியாசத்த?” என்றாராம்.

சாம்பல்நிறத் தட்டைச் செய்தவர் உலையைக் கவனிக்கும் ஆராய்ச்சியாளர். கூடத்தில் எல்லாருக்கும் ‘உலை அக்கா’. உள்ளே வைத்த மூன்று தட்டுகளில் இரண்டு வேகும்போதே கோணிக்கொள்ள, மிஞ்சியது இது ஒன்றுதான். அவருடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிபுணர் குழு வந்து, தட்டைக் கருவியில் அழுத்திப் பார்த்து, தேறியது என்றால் நீட்டிப்பு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தலைவர் தட்டைப் போடும் ஒவ்வொரு முறையும் அக்கா தன் நோட்டில் தேதி எழுதி வந்தார். நாற்பத்தொரு தேதிகள்.

குழு வரும் நாள் காலையில் தலைவரிடம் போனார்.

“சார், இன்னிக்கு மட்டும் போடாதீங்க.”

“ஏம்மா, உடையாதுன்னு நீதானே சொன்ன?”

“விழுந்தா உடையாதுன்னு சொன்னேன் சார். நீங்க அத பந்து மாதிரி வச்சிருக்கீங்க. முன்னெல்லாம் டிங்குங்கும். இப்ப டொக்குங்குது. விரிசல் நின்னுதான் போச்சு, மறைஞ்சா போச்சு?”

“அப்ப எனக்குக் காது கேக்கலங்கிற.”

“அப்படிச் சொல்லல சார்.”

“இருபத்தஞ்சு வருஷமா பீங்கானோட பேசிக்கிட்டிருக்கேன்.”

“அதான் சார். அது இப்ப பதில் சொல்லுது.”

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பட்டதும் தலைவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல் விட்டார். வந்த தேநீரைத் திருப்பி அனுப்பினார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். இந்த இனத்தின் உள்ளமைப்பே இதுதான்: ஊருக்கெல்லாம் உலோகத் தூள் கலந்து கொடுப்பார், தனக்கென்று ஒரு சிட்டிகை சேர்த்திருக்க மாட்டார்.

குழு வந்தது. மூன்று பேர். தட்டைக் கருவியில் வைப்பதற்காக உலை அக்கா கையை நீட்டினார். தலைவரின் கையும் நீண்டது, நெஞ்சுயரத்துக்கு.

“பாத்துக்கங்க.”

டொக்.

இரண்டு துண்டு.

“தரை சரியில்ல,” என்றார் தலைவர். “போன வாரந்தான் மாத்தினாங்க.”

உலை அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்தார். துண்டின்மேல் நீல மையைப் பூசி, துடைத்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். குழுவின் மூத்தவர் குனிந்து பார்த்தார். மை இறங்கிய மெல்லிய நீலக் கோடுகள் எங்கும் கிடந்தன. ஒவ்வொன்றும் ஓடிவந்து ஓர் உலோகத் துணுக்கில் முட்டி நின்றிருந்தது.

“இது எத்தனை தடவ விழுந்திருக்கு?”

அக்கா நோட்டைத் திறந்து வைத்தார். “இதோட நாப்பத்திரெண்டு. தேதி இருக்கு சார்.”

“நிக்கல் கலக்காததா இருந்தா?”

“மொத தடவையே போயிருக்கும் சார். தலைவரோட மச்சினர் வீட்டுல கேட்டுக்கலாம்.”

மூத்தவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார்.

இரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைத்தது. ஒரு நிபந்தனையும் எழுதிக் கொடுத்தார்கள்: இனிச் செய்யும் தட்டுகள் பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி உலை அக்காவிடம் இருக்கும். தலைவர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். உடைந்ததில் பெரிய துண்டு இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. “நாப்பத்திரெண்டு தடவ விழுந்தும் இந்தப் பாதிக்கு ஒண்ணும் ஆகல, பாத்துக்கங்க,” என்று போட்டுக் காட்டுகிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் கீறவே கீறாது என்று கடைக்காரர் சொன்ன கைபேசிக் கண்ணாடியை வீட்டுச் சாவியால் கீறிக் காட்டியது யார்? போகட்டும், அது கண்ணாடி. “இவன் எதுக்கும் கோவிச்சுக்க மாட்டான், பாருங்க,” என்று நாலு பேர் நடுவில் ஒரு நண்பரைச் சீண்டிச் சீண்டிக் காட்டுவீர்களே, அவரைக் கடைசியாகத் தட்டியபோது என்ன சத்தம் வந்தது?

டிங்கா, டொக்கா?