எண்ணூர்ப் பக்கம் போன மாப்பிள்ளை

ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் எந்த ஆணும் தன்னைப் பாதி மெக்கானிக் என்றுதான் நினைத்துக்கொள்கிறான். நான் முழு மெக்கானிக் என்றே நினைத்துக்கொண்டேன். அதுவும் என் மாப்பிள்ளை அழைப்பு நாளன்று.

அப்போது என்னிடம் ஒரு பழைய கார்ப்பரேட்டர் பைக் இருந்தது. வேகமாகப் போனால் தங்கம். மெதுவாகப் போனால் இருமும், குலுங்கும், 'டுப்' என்று அணைந்துவிடும். நிச்சயமான பிறகு கலைச்செல்வியை (இன்று என் வீட்டின் நிதி, உள்துறை, ராணுவம் மூன்றும் இவள் கையில்) வீட்டுக்குத் தெரியாமல் கடற்கரைக்கு அழைத்துப் போவேன். ராயபுரத்திலிருந்து ஒரு சிக்னல் விடாமல் வண்டி அணையும். நான் உதைப்பேன். அவள் பின்னால் உட்கார்ந்து சிரிப்பாள்.

"மாப்ள அழைப்புக்குக் காரெல்லாம் வாணாம். இந்த வண்டிலயே வா, கெத்தா இருக்கும்" என்று ஒருநாள் சொன்னாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் அதைச் சபதமாக எடுத்துக்கொண்டு, அப்பா பேசி வைத்திருந்த காரை வேண்டாம் என்றுவிட்டேன்.

வண்ணாரப்பேட்டை நண்பன் காஜா எச்சரித்தான். "மாமு, ஸ்லோ நிக்கலன்னா, மெதுவா போறப்ப அணையுதுன்னா, கார்ப்பரேட்டர்ல தூசு அடச்சிகினு கீது. கடைல குட்தா காத்து அட்ச்சு தருவாங்கோ. நீ கைய வெக்காத."

வைத்தேன். எங்கள் பக்கத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசி தயிரிலேயே மிதக்கும், கார்ப்பரேட்டரை விடுமா? மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் அந்தச் சின்ன ஜெட்டைக் கழற்றினேன். ஊசிகூட நுழையாத ஓட்டை. அம்மாவின் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவி உள்ளே விட்டுக் குத்தினேன். 'டிக்' என்று சத்தம் கேட்டது. அழுக்கு விட்டுப்போகிறது என்று பூரித்துப்போனேன்.

மாட்டி, பெரிய ரோட்டில் விரட்டிப் பார்த்தேன். பறந்தது. மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. (நோயே அங்கேதான் என்பதை மறந்த டாக்டர் நான்.)

மாலை ஊர்வலம். கோட்டு, சூட்டு, கழுத்தில் ஆளுயர மாலை. முன்னால் பேண்டு, பின்னால் பட்டுப்புடவைகள். பிள்ளையார் கோயிலிலிருந்து திருவொற்றியூர் மண்டபத்துக்கு நடை வேகத்தில் போகவேண்டும். ஆக்சிலேட்டரைத் தளர்த்தினேன். டுப். உதைத்தேன். நாலடி நகர்ந்து மறுபடி டுப். மாப்பிள்ளை நின்றால் பேண்டும் நிற்கவேண்டும் அல்லவா? ஒரு பாட்டையும் அவர்களால் முடிக்க முடியவில்லை. சரி, அணையவே விடக்கூடாது என்று முறுக்கிப் பிடித்தேன். அத்தையின் புதுப் புடவை முழுக்கப் புகை.

பேண்டு மாஸ்டர் திரும்பி வந்தார். "நைனா, நீ வாசிக்கிறியா, நாங்க வாசிக்கட்டா?"

காஜா காதைக் கடித்தான். "கொஞ்ச தூரம் ஸ்பீடா போயி திரும்பி வா மாமு. சூடாச்சுன்னா சரியாப்பூடும்."

போனேன். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் காத்திருந்தார்கள். ஊர்வலத்துக்குத் திரும்பவேண்டும், இங்கே நிறுத்தினால் அணைந்துவிடுமே! 'இதோ வந்துவிடுகிறேன்' என்று கையை ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினேன். அது அவர்களுக்கு டாட்டா காட்டியதுபோல் இருந்ததாம்.

திரும்பலாம் என்றால் சாலையின் நடுவே இடைவெளியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றன. எண்ணூரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நாலைந்து பைக்குகள். துணைக்கு வருகிறார்கள், எவ்வளவு அன்பான குடும்பம் என்று நெகிழ்ந்தேன். லாரி வரிசை வழியை மறித்த இடத்தில் என் வண்டி அணைந்தது. கலையின் தாய்மாமன் கோதண்டம் இறங்கி வந்து என் மாலையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எங்க ஓட்ற? எங்க வூட்டுப் பொண்ணு இன்னா பாவம் பண்ணா?"

"ஓடல மாமா! வண்டி ஸ்லோ நிக்காது. அதான்..."

"அப்டியா? கெளப்பு, பாக்கலாம்."

உதைத்தேன். பாவி வண்டி, 'டக டக டக' என்று அணையாமல் கோயில் மாடு மாதிரி சாந்தமாக நின்றது. வாங்கிய நாளிலிருந்து அப்படி நின்றதே இல்லை. எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மாமா சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு" என்றாள் கலை. "மண்டபத்துல எல்லாரும் என்னியே பாக்குறாங்க." அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. இவள் எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று பயந்துபோனேன். "கலை, நான் வந்து..." என்று திணறினேன்.

அந்த நேரத்தில் வண்டி இருமியது. குலுங்கியது. டுப்.

"நின்னுட்ச்சா?" என்றாள்.

"ஆமா."

எத்தனை சிக்னலில் கேட்ட சிரிப்பு! போனைத் தாண்டி மாமாவுக்கும் கேட்டது. "மாமாகிட்ட குடு" என்றாள். கொடுத்தேன். அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "அந்த வண்டில எவனாலயும் ஓடிப்போவ முடியாது மாமா. தள்ளிகினு வாங்க."

அப்படித்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் மாலையோடு வண்டிமேல் உட்கார்ந்திருக்க, பெண் வீட்டு ஆட்கள் வியர்க்க விறுவிறுக்கத் தள்ள, வழியில் பேண்டும் சேர்ந்துகொண்டது. மிகச் சரியான ஊர்வல வேகம். அன்றைக்கு முதல்முறையாக ஒரு பாட்டை முழுசாக வாசித்தார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு காஜா அந்த ஜெட்டைக் கழற்றி ஊதியபோது, உள்ளே முறிந்து கிடந்த ஈர்க்குச்சி நுனி வெளியே விழுந்தது. கலை அதை எடுத்துத் தன் குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டாள். நான் வீட்டில் எதையாவது பழுது பார்க்கக் கிளம்பினால் சிமிழைத் திறந்து காட்டுவாள். பால் வாங்கப் போனால்கூட, "எண்ணூர்ப் பக்கம் போயிடாத" என்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் கோதண்டம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். வயதாகிவிட்டது, முட்டி வலி வேறு. என் புது பைக்கில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவரலாம் என்று பட்டனை அழுத்தினேன். கார்ப்பரேட்டரே இல்லாத வண்டி, அணையாமல் முணுமுணுவென்று ஓடிக்கொண்டு நின்றது. ஏறட்டும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. திரும்பிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்சீட்டில் ஊன்றி நிற்கிறார்.

"நீங்க ஒக்காருங்க மாப்ள, தள்றேன்" என்றார்.