புது வீட்டுக்கு ஒரு பாக்கெட் உப்பு

என்னிடம் ஒரே ஒரு பொருளைக் காட்டினால் நான் நல்ல அறிவாளி. உடனே வாங்கிவிடுவேன். இரண்டைக் காட்டினால் கொஞ்சம் தடுமாறுவேன். மூன்றாவதையும் எடுத்து வைத்தால், அன்றைக்கு வீட்டில் யாரும் என்னை எதிர்பார்க்கக் கூடாது. பல் துலக்கும் பிரஷ் வாங்கப் போய், மென்மையானதா, நடுத்தரமா, கரி கலந்ததா என்று குழம்பி, கடையில் நின்றபடியே பல் டாக்டருக்குப் போன் செய்தவன் நான். (அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை.)

அதியமான்கோட்டையில் நாங்கள் வீடு கட்டி முடிக்க நான்கு வருடம் ஆனது. அதில் எட்டு மாதம், நான் தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்த காலம். ஒருவழியாகப் பால் காய்ச்ச நாள் குறித்தோம். வெள்ளிக்கிழமை, ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். புரோகிதருக்கோ பதினொன்றரைக்கு மாரண்டஹள்ளியில் இன்னொரு வீடு.

ஒன்பது மணிக்கு என் மாமியார் தட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

"மாப்ள, உப்பு எங்க?"

புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவை உப்பும் மஞ்சளும். மஞ்சள் இருந்தது. ஊதுபத்தி நான்கு வாசனையில் இருந்தது. உப்பு இல்லை. சாமான் பட்டியல் எழுதியவன் நான்தான். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கேட்கலாமே என்றேன். மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "குடி போறன்னிக்கே உப்பு கடன் வாங்கறதா?"

எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாதேஷ் அண்ணன், விழாவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ரெண்டே நிமிஷம் சார். ஷட்டரத் தூக்கி எடுத்தாந்துடறன்."

இந்த இடத்தில் நான் தலையாட்டியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

"வேணாங்கண்ணா. புது வூட்டுக்கு, நல்ல உப்பா பாத்து நானே வாங்கியாரேன்" என்றேன்.

என் மனைவி சுமதியின் முகம் மாறியதைக் கவனித்தேன். ஆனால் அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தேன்.

தருமபுரி போகிற வழியில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக நான் உள்ளே நுழைந்தபோது மணி ஒன்பது இருபது. ஐந்து நிமிட வேலை என்று மனக்கணக்குப் போட்டேன்.

உப்புக்கு மட்டும் தனியாக ஓர் அலமாரி இருந்தது. என் உயரத்துக்கு. கல் உப்பு, தூள் உப்பு, அயோடின் சேர்த்தது, சேர்க்காதது, இரும்புச் சத்து கலந்தது, சோடியம் குறைத்தது, இந்துப்பு, கறுப்பு உப்பு, பூண்டு வாசனை போட்ட உப்பு. கையால் அள்ளியது என்று ஒரு பாக்கெட். கை படாதது என்று பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் அது பெருமை!

சுமதிக்குப் போன் செய்தேன்.

"என்ன உப்பு வாங்கறது?"

"உப்புங்க!"

"கல்லா, தூளா?"

"கல்லு. சீக்கிரம் வாங்க, அய்யரு மணி பாத்துட்டே இருக்காரு."

கல் உப்பிலேயே ஆறு இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். ஒன்று சிறுநீரகத்துக்கு நல்லது. ஒன்று ரத்த அழுத்தத்துக்கு நல்லது. மூன்றாவதில் எதற்கு நல்லது என்று எதுவும் போடவில்லை, அதனால் அதன்மேல் சந்தேகம் வந்தது.

"சார், என்னா சார் பட்டு வேட்டியெல்லாம்?"

கடைச் சீருடையில் நின்ற பெண் என் பழைய மாணவி கவிதா. நான் பதினேழு வருடமாக வேதியியல் வாத்தியார் என்பதை இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வெட்கம்தான். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள்.

"எல்லா உப்பும் சோடியம் குளோரைடுதான்னு நீங்கதான சார் போர்டுல எழுதிப் போட்டீங்க? ஏதோ ஒண்ண எடுத்துட்டுக் கெளம்புங்க சார்."

"அது பரீட்சைக்கும்மா" என்றேன்.

ஆறு பாக்கெட்டையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பல்ல. மச்சினன் சரவணன் இந்துப்புதான் என்றான். சித்தப்பா, அது வடநாட்டு மலையில் வெட்டுவது, நமக்குக் கடல் உப்புதான் ராசி என்று மூன்று நிமிடக் குரல்பதிவு அனுப்பினார். சின்ன மாமியார் பச்சை பாக்கெட்டுக்கும் மஞ்சள் பாக்கெட்டுக்கும் இரண்டுக்குமே கட்டைவிரல் காட்டினார். (இவர்கள் எல்லோரும் அந்த நேரம் என் வீட்டுப் பந்தலில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.) 'எதையாவது எடுத்துட்டு வாங்க' என்று சுமதி நான்கு முறை எழுதியிருக்கிறாள். அவை ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களுக்கு நடுவில் போய்விட்டன.

மணியைப் பார்த்தேன். பத்து. ஏசியிலும் முதுகு நனைந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று பாக்கெட்டை அள்ளி பில் போடும் இடத்துக்கு ஓடினேன். எனக்கு முன்னால் நான்கு பேர். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். என் முறை வந்ததும் அந்தப் பையன் பணிவாகச் சொன்னான்: "மூணு உப்புக்கு ஒரு டப்பா ஃப்ரீ சார். ஊதாவா, பச்சையா, ஆரஞ்சா?"

மனிதனாக இருந்தால் டப்பா வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

நான், "பச்சையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது மணி பத்து முப்பத்து நான்கு. சாம்பிராணிப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. புரோகிதர் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடி புறப்பட்டார். நடந்தது இதுதான். பத்து மணிக்கு மாதேஷ் அண்ணன் யாரையும் கேட்காமல் எழுந்துபோய், கடையைத் திறந்து ஒரு பாக்கெட் கல் உப்பைக் கொண்டுவந்தார். மாமியார் அதற்குக் காசு கொடுத்து வாங்கினார். சுமதி நிறைகுடத்தோடும், என் மகள் யாழினி உப்போடும் உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டார்கள்.

நான் செருப்பைக் கழற்றினேன். மாமியார் நிலைப்படியில் குறுக்கே நின்றார்.

"ராகு காலம் பொறந்துடுச்சு மாப்ள. மொத மொதல்ல உள்ள வர்றது இந்த நேரத்துலயா? பன்னண்டு மணிக்கு வாங்க."

"அத்தை, இது என் வூடு!"

"அதுக்குத்தான் சொல்றன்."

நான்கு வருடம் கட்டிய வீட்டின் வெளியே, பந்தல் நாற்காலியில், மடியில் மூன்று பாக்கெட் உப்பும் ஒரு பச்சை டப்பாவுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மொய்க் கவர் கொண்டுவந்தவர்கள் என்னை நலம் விசாரித்துவிட்டு உள்ளே போனார்கள். சிலர் என்னைப் பந்தல்காரர் என்று நினைத்து, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். உள்ளே எல்லோரும் சிரிப்பது கேட்டது. அந்தப் பால் பொங்குவதைப் பார்க்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தோம் என்று நினைத்தபடி பச்சை டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன்.

ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து ஒரு டம்ளர் நீண்டது. சுமதி.

"குடிங்க. கெழக்குப் பக்கமாத்தான் பொங்குச்சு. உங்களுக்கு மொதல்லயே எடுத்து வச்சுட்டன்." பிறகு, "சக்கர போதுமா?" என்றாள்.

வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச் சர்க்கரையா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, போதும் என்றேன். என் வாழ்க்கையில் நான் உடனடியாக எடுத்த முதல் முடிவு அது.

அப்போது ஓர் உறவுக்காரர் உள்ளே சத்தமாக, "வூட்டுக்காரரு எங்கம்மா, காணோம்?" என்று கேட்டார். யாழினி, "உப்பு வாங்கப் போயிருக்காருங்க" என்றாள். வீடே அதிர்ந்தது.

அந்த வாக்கியம் அதோடு நிற்கவில்லை. நான் எங்கே தாமதமானாலும் எங்கள் சொந்தத்தில் இப்போது அதுதான் பதில். யாழினி நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே படிப்பதால், அங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. போன மாதம் பத்தாம் வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். எனக்கு முன்பே தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து நின்று, "எங்க உங்க சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"உப்பு வாங்கப் போயிருக்காரு சார்!"

அநியாயம் என்று கோபப்பட நினைத்தேன். முடியவில்லை. விடைத்தாள் திருத்த ஒரு சிவப்புப் பேனா வாங்கத்தான் போயிருந்தேன். கடையில் ஏழு வகைச் சிவப்பு இருந்தது.