அய்யா மிதித்த போகாத சைக்கிள்

தலைக்கு ஏறிய பெருமை எனக்குத் தொடை வழியாகத்தான் இறங்கியது. சந்தேகம் இருந்தால் தழும்பைக் காட்டுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் ஊர் மாரியூரில் மற்ற எல்லோருக்கும் கரைவலைதான். (கடலில் வளைத்துப் போட்ட வலையை, கரையில் நின்று கூட்டமாகக் கயிறு பிடித்து இழுப்பது.)

நான் முதுகலை படிக்கும்போது எங்கள் பேராசிரியை மேடம் ஓர் ஆய்வு தொடங்கினார். மூச்சு வாங்க நெடுநேரம் உழைத்துப் பழகிய தசையில், ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் நொதிகள் அதிகம் இருக்கும். அதை அளக்க உழைப்பாளிகள் சிலரும், உட்கார்ந்தே இருப்பவர்கள் சிலரும் தேவை. சைக்கிள் மிதித்துக் காட்டி, தொடையிலிருந்து அரிசியளவு தசையும் தர வேண்டும்.

"என்னை உழைப்பாளி கோஷ்டியில சேத்துக்கங்க மேடம். எங்க ரத்தமே கரைவலை!" என்றேன். (நொதி என்ன தாய்வீட்டுச் சீதனமா, தானாக வந்து சேர?) படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று காட்ட அய்யாவையும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஊரிலிருந்து வரவழைத்தேன்.

மூச்சை அளக்கும் முகமூடி மாட்டி மிதித்தேன். தொடக்கத்தில் மகாராணி. சற்று நேரத்தில் நுரையீரல் காது வழியாக வெளியேறப் பார்த்தது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அய்யா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒரு நாளாவது கயிறு இழுத்திருக்கியா?" என்றார் மேடம்.

அய்யா முந்திக்கொண்டார். "படிக்கிற புள்ளைக்கி கை காச்சுப்போகும்னு, கயித்துப் பக்கமே விடலம்மா நாங்க."

உழைப்பாளி கோஷ்டியில் என் இடம் காலி. அய்யாவை டாக்டர் சோதித்துச் சரி என்றதும், அவர் வேட்டியை மடித்துக் கட்டிச் சைக்கிளில் ஏறினார்.

"தாயி, இது எங்கன போகும்?"

"எங்கனயும் போகாதுய்யா."

"போகாத வண்டிக்கா மயங்கி விழுந்த?"

மேடம் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அய்யா பாம்பன் பாலத்தில் காற்று வாங்கப் போகிறவர்போல மிதித்தார்.

என்னை உட்கார்ந்தே இருப்பவர்கள் கோஷ்டிக்கு மாற்றினார்கள். (அங்கேயும் தொடையில் ஊசி உண்டு.) முடிவு வந்தது. நொதி அளவு வரைபடத்தின் உச்சிப் புள்ளி அய்யா, அடிப் புள்ளி நான். இடையில் மற்ற எல்லோரும்.

இப்போதெல்லாம் விடுமுறைக்குப் போனால் நானும் கயிறு பிடிக்கிறேன். உடனே அம்மா கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள்:

"ஏலே, பைய இழுங்கடா! எம்மக தொடையில இப்பத்தான் நொதி முளைக்குது. வேரோட புடுங்கிராதீங்க!"