கதவைத் திறக்க ஒரு பாட்டு

ஒரு காட்டில், வாகை மரத்தின் உச்சிக் கிளையில் ஏறி நின்றால் மட்டும் மூன்று கோடு சிக்னல் காட்டுகிற ஒரு காட்டில், சூலபாணி என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தது. நல்ல ரசனை உள்ள முள்ளம்பன்றி. அதை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய சிரமமே இல்லை, அதுவே சொல்லிவிடும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது என்னைப் பற்றிய கதை இல்லை. முள்ளுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது, தலையில் முடியே பாதிதான் மிச்சம். இந்தக் கதையை எந்தப் பேனாவால் எழுதுவது என்று பதினோரு நாள் யோசித்தேன் என்பது உண்மைதான். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

சூலபாணிக்கு ஒரு பெரிய குறை. எந்த விளையாட்டிலும் அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கபடிக்குப் போனது. பாடிக்கொண்டே உள்ளே நுழைந்தால் பிடிக்க ஒருத்தரும் இல்லை, எல்லாம் ஓட்டம். பந்தாட்டத்தில் பந்து போயிற்று. முயல் வீட்டுப் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. கூடவே ‘பலூன் கட்டியிருக்கிறோம், ஜன்னல் பக்கம் நின்று வாழ்த்தினால் போதும்’ என்று ஒரு குறிப்பும் வந்தது. சூலபாணி ஜன்னல் பக்கம் நின்று வாழ்த்திவிட்டு வந்து, வீட்டில் கொஞ்சம் அழுதது.

அப்புறம்தான் அதற்கு அந்தக் கதை விளையாட்டு அகப்பட்டது. நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பொறுத்து அது நடக்கும், அல்லது சொதப்பும். அவ்வளவுதான். இதில் யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. சூலபாணிக்கு உயிர் வந்தது.

இரண்டு வருஷம் உட்கார்ந்து அது ஒரு கதை தயாரித்தது. காலம்: எண்பத்து மூன்று, தைப் பொங்கல். இடம்: காட்டோர ஊர் ஒன்றின் பஸ் ஸ்டாண்ட். தபால் பையோடு ஒரு போஸ்ட்மேன் காணாமல் போகிறார். பஸ் ஸ்டாண்டின் மூலையில் பூட்டிய கதவு ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு சுரங்கம், அதற்கு ஏழு வரைபடம். சும்மா சொல்லக்கூடாது, வரைபடம் எல்லாம் கலர் பென்சிலில்.

ஆடுவதற்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். கரடி தேனப்பன், இதற்குக் கண்டக்டர் வேடம். கொக்கு மீனலோசனி, இதற்குத் துப்பறிகிற அதிகாரி வேடம். ஆமை கச்சபேஸ்வரன், வயதில் மூத்தது என்பதால் எல்லாருக்கும் அண்ணாச்சி. இதற்குச் சுமைதூக்கும் தொழிலாளி வேடம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. வெட்டிய பலாமரத்தின் அடிக்கட்டைதான் மேசை. தேனப்பனுக்கு எதிலும் பொறுமை கிடையாது. உட்கார்ந்ததும் சொன்னது:

“கதவைத் தொறக்கறேன்.”

“இரு இரு,” என்றது சூலபாணி. “பின்னணி இசை போடறேன். அந்தக் காலத்துக்குள்ள போன மாதிரி இருக்கும் பாரு.”

ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு வந்தது. தேனப்பனுக்குத் தலை ஆடியது. அண்ணாச்சிக்குக் கழுத்து வெளியே வந்தது. மீனலோசனி மட்டும் ஒற்றைக் காலில் நின்றபடி யோசித்தது.

“இந்தப் பாட்டு எண்பத்து மூணு தீபாவளிக்கு வந்ததாச்சே. நம்ம கதை பொங்கல்ல நடக்குது. பத்து மாசம் கழிச்சு வரப்போற பாட்டு இப்பவே எப்படிக் கேக்கும்?”

ஐயோ. இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. மீனலோசனி சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னது. சூலபாணிக்கு உடம்பு முழுக்க முள் சிலிர்த்துவிட்டது. பாட்டை அணைத்து, பகடையைப் பைக்குள் போட்டது.

“இன்னிக்கு வேணாம். தப்பான பாட்டோட ஆரம்பிச்சா கதையே தப்பாயிடும்.”

“நான் கதவைத் தொறந்துட்டேன்யா!” என்றது தேனப்பன்.

“தொறக்கல. கைப்பிடில கை வெச்சிருக்க. அப்படியே இரு.”

அந்த வாரம் சூலபாணி பெருச்சாளியின் கேசட் நூலகத்துக்குப் போனது. அங்கே வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, டோக்கனைக் கொடுத்துப் படிவம் வாங்கி, படிவத்தை நிரப்புவதற்கு இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். படிவத்தில் கேட்டிருந்தது: ‘பாட்டு தேவைப்படும் காரணம்: கல்யாணம் / துக்கம் / சும்மா.’ சூலபாணி மூன்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கதவு’ என்று எழுதியது. பெருச்சாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தது. இத்தனை வருஷ சர்வீஸில் அது பார்த்திராத காரணம். ஆனாலும் முத்திரை குத்திக் கொடுத்தது.

இரண்டாவது ஞாயிறு. சரியான வருஷம், சரியான மாதம். மீனலோசனி கூட ஒப்புக்கொண்டது. பாட்டு ஓடியது.

“கதவைத் தொறக்கறேன்,” என்றது தேனப்பன்.

“இரு. பாட்டு எங்கேருந்து வருது?”

“ஸ்பீக்கர்லேருந்து.”

“கதையில கேக்கறேன். டீக்கடை ரேடியோவிலேருந்து வருது. டீக்கடை இந்தக் கதவுக்கு முப்பது அடி தள்ளி. முப்பது அடி தள்ளி வர்ற பாட்டு இவ்வளவு தெளிவாவா கேக்கும்?”

அன்று மதியம் முழுக்க ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். முப்பது அடியில் வைத்தால் கேட்கவில்லை. இருபதில் வைத்தால் தெளிவாகக் கேட்டது. இருபத்தாறில் வைத்தபோது சரியாக இருந்தது, ஆனால் அந்த இடத்தில் எறும்புப் புற்று இருந்தது. சாயங்காலம் ஆனதும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது ஞாயிறு கரகரப்புக்குப் போயிற்று. அந்தக் காலத்து ரேடியோ கரகரக்குமே! ஃபோனில் கரகரப்பு சேர்க்கும் செயலி ஒன்று இருந்தது. அதில் கரகரப்பு பதினான்கு வகை. பதினான்கையும் கேட்டார்கள். எட்டாவதும் பதினொன்றாவதும் ஒன்றுதான் என்றது தேனப்பன். வித்தியாசம் தெரியாதவர்களுடன் எப்படிக் கதை ஆடுவது என்று சூலபாணிக்கு வருத்தம் வந்தது. இந்த வருத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு, யாரோ சொல்லித்தான், தெரியும்.

நாலாவது ஞாயிறு தேனப்பன் வந்து உட்காரவே இல்லை. நின்றுகொண்டே பேசியது.

“யோவ் சூலம். நாலு வாரமா அந்தக் கதவு முன்னாடி நிக்கறேன். கண்டக்டருக்கு வேற வேலை இல்லையா? அவன் பஸ்ஸே போயிருக்கும். அடுத்த வாரமும் இதே பாட்டுப் பஞ்சாயத்துன்னா நான் கேரம் ஆடப் போயிடுவேன், சொல்லிட்டேன்.”

இந்த மேசை போனால் சூலபாணிக்கு வேறு மேசை இல்லை. மறுபடியும் ஜன்னல் பக்கம்தான். அது உள்ளூரப் பயந்தது. அந்தப் பயத்தில், அன்றைக்கே கதவைத் திறந்து தொலைத்திருக்கலாம். திறந்திருந்தால் கதை இங்கே முடிந்து, நீங்களும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். ஆனால் பாருங்கள், அப்போதுதான் அதற்கு ஒரு யோசனை வந்தது. எண்பத்து மூன்றில் நிஜமாகவே இருந்த ஒரே ஆள் நாலு வாரமாக எதிரிலேயே உட்கார்ந்து கீரை மென்றுகொண்டிருக்கிறது!

“அண்ணாச்சி! எண்பத்து மூணுல நீங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம்தானே இருந்தீங்க? டீக்கடையில என்ன பாட்டு ஓடுச்சு?”

அண்ணாச்சி கீரையை விழுங்கியது. அதற்குச் சற்று நேரமானது.

“பழைய பாட்டுதான்.”

“இப்ப பழசு. அப்போ?”

“அப்பவும் பழசுதான்யா. டீக்கடைக்காரருக்குப் புதுப் பாட்டே பிடிக்காது. இருபது வருஷம் முந்தின பாட்டுதான் போடுவாரு. நாங்களும் உக்காந்து கேட்டுட்டு, ‘இந்த மாதிரி இப்ப யாரு போடறா’ன்னு சொல்லிக்கிட்டிருப்போம்.”

தேனப்பன் தலையில் கை வைத்துக்கொண்டது. மீனலோசனி, “அண்ணாச்சி, உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று காதோடு கேட்டது. நேரம் கடந்துவிட்டது. சூலபாணியின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்துவிட்டிருந்தது.

அதாவது எண்பத்து மூன்றுக்கு அறுபத்து மூன்றுதான் சரி! ஆனால் அறுபத்து மூன்றில் இருந்தவர்கள் நாற்பத்து மூன்றுதானே கேட்டிருப்பார்கள்? நாற்பத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. அப்படியானால் உண்மையிலேயே பழையது எது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் எந்தக் காலத்துக்கும் அதையே போடலாமே! இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சூலபாணி கேட்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு நண்பர்களுக்குச் செய்தி போயிற்று: ‘இந்த வாரம் ஆட்டம் இல்லை. ஆய்வு நடக்கிறது.’ தேனப்பனும் மீனலோசனியும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். என்ன ஒரு ஆதரவு என்று சூலபாணி நெகிழ்ந்தது. ஆறாவது ஞாயிறும் அதே செய்தி. ஒரு கட்டைவிரல் வந்தது, அதுவும் அண்ணாச்சி போன வாரம் அனுப்பியது இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஏழாவது ஞாயிறு பதிலே இல்லை. மும்முரமாகத் தயாராகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டது.

ஆய்வு எங்கே போய் நின்றது தெரியுமா? இசைத்தட்டு வரைக்கும் போய், அதற்கு முன்னால் நாதஸ்வரம் வரைக்கும் போய், அதற்கும் முன்னால் பறை வரைக்கும் போய், கடைசியில் குளத்தங்கரையில் போய் நின்றது. எல்லாவற்றுக்கும் முந்தின சங்கீதம் தவளைதான் என்று முடிவாகியிருந்தது. சூலபாணி இடுப்பளவு தண்ணீரில் ஃபோனை நீட்டிக்கொண்டு, ஒரு கிழட்டுத் தவளையைப் பாடச் சொன்னது. தவளை நாலு கத்து கத்திவிட்டுப் பெருமூச்சு விட்டது.

“என்ன தம்பி நீ, எங்கிட்ட வந்து கேக்கறே? இதெல்லாம் ஒரு கத்தலா? எங்க தாத்தா கத்தினாரு பாரு, அது கத்தல்! அந்த மாதிரி இப்ப யாரு கத்தறா?”

சூலபாணி தண்ணீரில் அப்படியே நின்றது. இதற்கு மேல் போக இடமில்லை. முள்ளெல்லாம் நனைந்து படிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. இரண்டு வருஷம் எழுதிய கதை, ஏழு வரைபடம், மூன்று நண்பர்கள், எல்லாவற்றையும் ஒரு தவளையின் தாத்தாவிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறோம் என்று அதற்கே உறைத்தது. கரையேறி நடந்தது.

தேனப்பன் குகை வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். குகைக்குள்ளிருந்து ஆட்டம் பாட்டமாகச் சத்தம் வந்தது. சூலபாணி புதருக்குள் நின்று எட்டிப் பார்த்தது. மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கதையை மீனலோசனி நடத்திக்கொண்டிருந்தது. ஃபோனில் போன மாதம் வந்த குத்துப்பாட்டு ஓடியது. நடுவில் ‘தலைமுடி உதிர்கிறதா?’ என்று விளம்பரம் வேறு.

“கதவைத் தொறக்கறேன்!” தேனப்பன் பகடையை உருட்டியது. “அஞ்சு!”

“தொறந்துடுச்சு,” என்றது மீனலோசனி. “உள்ள போஸ்ட்மேன் இருக்காரு.”

“எங்க?”

“பஸ் ஸ்டாண்ட்ல மூலையில பூட்டின கதவு வேற என்னவா இருக்கும்? கக்கூஸ்தான். மனுசனுக்குக் காலையிலேருந்து வயித்தால போகுது. தபால் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. புதருக்குள் சூலபாணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுரங்கம் போயிற்று, ஏழு வரைபடமும் போயிற்று. ஆனால் அந்தக் காலத்து பஸ் ஸ்டாண்டுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை அதனாலேயே யோசித்திருக்க முடியாது. அந்த நியாய புத்தி அதற்கு இருந்தது.

“யாருய்யா புதர்ல?” என்றது தேனப்பன்.

“நான்தான்.”

சிரிப்பு நின்றது. மீனலோசனி கால் மாற்றி நின்றது.

“உங்கள விட்டுட்டு ஆடணும்னு இல்ல சூலபாணி...”

“விட்டுட்டுத்தான் ஆடினோம்,” என்றது தேனப்பன். “மறைச்சு என்ன? எத்தனை நாள்யா ஒரு கதவு முன்னாடி நிக்கறது?”

சூலபாணி வாயைத் திறந்தது. ‘இந்தப் பாட்டு போன மாசம்தானே வந்தது’ என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படியோ அதை விழுங்கியது. வேறொன்று வெளியே வந்தது.

“எனக்கு உங்களை விட்டா யாரும் இல்ல.”

அண்ணாச்சி நகர்ந்து இடம் விட்டது. அது நகர்ந்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

“சரி, உக்காரு,” என்றது தேனப்பன். “ஆனா கதையை இனிமே மீனாதான் நடத்தும். நீயும் ஒரு வேடம் எடுத்துக்க. யாரா வர்ற?”

சூலபாணி யோசித்தது. அதன் கண்ணில் மறுபடி அந்தப் பிரகாசம். எனக்குப் பகீரென்றது.

“டீக்கடை ரேடியோவா வர்றேன்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ தொண்டையைச் செருமியது. “நேயர்களே, அடுத்து நீங்கள் கேட்கவிருப்பது எண்பத்து மூன்றாம் ஆண்டு, தை மாதம், முதல் வாரத்தில் வெளியான, அதாவது சிலர் மார்கழி என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கும்...”

“ரேடியோவை அணைக்கறேன்,” என்றது தேனப்பன். பகடையை உருட்டியது.

ஆறு.

ஆறு விழுந்தால் சொன்னது நடந்தே தீர வேண்டும், மறுபேச்சு கிடையாது என்பது விதி. விதிப்புத்தகத்தை எழுதியதே சூலபாணிதான். அது வாயை மூடிக்கொண்டது.

சாயங்காலம்வரை அது ஒரு வார்த்தை பேசவில்லை. போஸ்ட்மேனுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்கள், தபால் பையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கண்டுபிடித்தார்கள், அந்தக் கல்யாணத்துக்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். ஃபோனில் என்னென்னவோ பாட்டு ஓடியது. ஒன்றுகூட அந்த வருஷத்துப் பாட்டு இல்லை. ரேடியோ நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அது இருந்ததே இல்லை.

கிளம்பும்போது தேனப்பன் வாசல்வரை வந்தது. “இன்னிக்கு ரொம்ப நல்லா ஆடினய்யா நீ,” என்றது. “அடுத்த வாரமும் ரேடியோவாவே வா.”

நீதி: ரசனை உள்ளவர்களோடும் நட்பாக இருக்கலாம்; சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.