கிடார் இருக்கும் வீடு

பதினோராயிரத்தில் ஒரு ரூபாய் கூடக் குறைக்க முடியாது என்று நாகையா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார், 'திருப்பதி' என்ற சொல் அவர் காதில் விழும் வரைக்கும்.

சித்தூரில் அவர் வீட்டு ஹாலில், பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஆதிகேசவன் உட்கார்ந்திருந்தான். கருஞ்சிவப்பு உடம்பு, நாலே நாலு தடித்த கம்பி. விலை பேச வந்தவன் முகத்தில் இருக்கவே கூடாத அளவுக்கு அவன் முகத்தில் சந்தோஷம் வழிந்தது.

"கழுத்தைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு, நூல் பிடிச்ச மாதிரி இருக்கான்னு பாருங்க பிரதர்," என்று ஃபோனில் ஜெபகுமார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு கட்டையா அழுத்திப் பாருங்க, கம்பி இரையுதா?"

"இல்ல சார்."

"குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வருதா?"

"வரல சார். சார், சூப்பரா கீது சார்!"

"அதை அவர் முன்னாடி சொல்லாதீங்க!" என்று ஜெபகுமார் கத்தினார். அதற்குள் சொல்லியாகிவிட்டது.

ஜெபகுமாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். ரேணிகுண்டாவில் ஆதிகேசவன் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கம்பெனி பேண்டுக்கும் அவர்தான் தலைவர். அதில் பேஸ் வாசித்தவர் போன மாதம் வேலையை விட்டுப் போனபோது கிடாரையும் கையோடு கொண்டுபோய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதி சோற்றை விட்டுவிட்டு ஓடிவந்து அதே கிடாரில் ஒரு வருஷமாகப் பழகியவன் ஆதிகேசவன். "சொந்தக் கிடாரும் சொந்த ஆம்ப்ளிஃபையரும் ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தா இடம் உங்களுக்கு, இல்லன்னா ஸ்ரீசிட்டியில ஒரு பையன் ரெடியா இருக்கான்," என்று ஜெபகுமார் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆதிகேசவன் கையில் இருந்தது மொத்தம் பதினைந்தாயிரம். பணத்தை எண்ணிக் கொடுத்தது மனைவி நீரஜா. கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்திருந்தாள்.

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு அந்த நிபந்தனையின் நியாயம் சொல்லாமலே விளங்கும். போன வருஷம் முழுக்க அவர்கள் வீட்டில் சாமி பார்க்க வந்தவர்கள் தங்கிக்கொண்டே இருந்தார்கள். முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் சொந்தக்காரர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள். கடைசியாக வந்த குடும்பம் யாருக்கு என்ன உறவு என்று இன்றுவரை தெரியவில்லை. அவர்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு நீரஜா சமையலறையில் சிலிண்டர் பக்கத்தில் படுத்தாள்.

"இந்த வருஷம் ஒரு ஆளும் இங்க தங்கக் கூடாது," என்றாள். "ஹால் மூலையில நீங்க கிடாரு வச்சிக்கோங்க, இன்னா வேணா பண்ணுங்க. ஆனா வெளி ஆளு உள்ள வந்தா, கிடாரு வெளிய போவும். சொல்லிட்டேன்."

நீரஜா சொன்னால் சொன்னதுதான்.

"எந்த ஊரு பாபு நீ?" என்று நாகையா பேச்சுக்குக் கேட்டார்.

"திருப்பதிங்க."

நாகையா நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார். "திருப்பதியா! முந்தியே செப்பக் கூடாதா? சொந்த வீடா, வாடகையா? ஹாலு பெருசா?"

"மாடி போர்ஷன். ஹால் பெருசுதான், ஏன்?"

"ஏழாயிரம் குடு, எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு. நம்ம ஆளுங்க வந்தா ஒரு ராத்திரி தங்க வச்சுக்கோ. இந்தச் சனிக்கிழமை எங்க மாமியாரு வீட்டுக்காரங்க நாலு பேரு வர்றாங்க."

நாலாயிரம் ரூபாய் ஒரே வாக்கியத்தில் குறைந்ததைக் கேட்டு ஆதிகேசவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சனிக்கிழமை காலையில் நீரஜா சாந்திபுரத்தில் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறாள். திரும்பி வர ஞாயிறு சாயங்காலம் ஆகும். யாருக்குத் தெரியப் போகிறது?

"சரிங்க," என்றான்.

நாகையா அவன் வீட்டு முகவரியை ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். கிடார் வாசலைத் தாண்டும்போது அவர் மனைவி உள்ளே இருந்து ஓடிவந்து பூசணிக்காயில் சூடம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, தெருவில் போட்டு உடைத்தார். எவ்வளவு ஆசையாக வளர்த்த கிடார் என்று ஆதிகேசவனுக்குக் கண் கலங்கியது.

அடுத்தது ஆம்ப்ளிஃபையர். "சாதா கிடார் ஆம்ப் மலிவா கிடைக்கும், ஏமாந்திடாதீங்க," என்று ஜெபகுமார் எச்சரித்திருந்தார். "பேஸோட கனத்துக்கு அதோட ஸ்பீக்கர் கிழிஞ்சு போகும். பேஸுக்குன்னு செஞ்ச பெட்டியாத்தான் வாங்கணும். டிரம்ஸ் பக்கத்துல கேக்கணும்னா அறுபது வாட்ஸாவது வேணும்."

அப்படி ஒன்று ரேணிகுண்டாவில் சிட்டிபாபு என்ற மெக்கானிக்கிடம் இருந்தது. மேடை நிகழ்ச்சி ஒன்றில் பணத்துக்குப் பதிலாக வந்த பெட்டியாம். விலை பத்தாயிரத்து ஐந்நூறு. ஆதிகேசவனிடம் மிச்சம் எட்டாயிரம். ஆனால் இப்போது அவன் தொழில் தெரிந்தவன். விலை கேட்ட கையோடு அவனே ஆரம்பித்தான்.

"எனக்குத் திருப்பதியில பெரிய ஹாலு. உங்களுக்கு யாராவது சாமி பாக்க வர்றாங்களா?"

சிட்டிபாபு ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அண்ணா, வேலூர்ல இருந்து எங்க அக்கா வீட்டுக்காரங்க அஞ்சு பேரு வந்துகினு இருக்காங்க. எங்க வீடு ஒரே ரூமு. எங்க படுக்க வைக்கறதுன்னு நானே தலைய பிச்சிகினு இருந்தேன்!"

"என்னிக்கு?"

"சனிக்கிழமை."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெட்டியில் கிடாரைச் சொருகி, ஆகக் கீழ்க் கம்பியை ஒரே ஒரு முறை தட்டினான். பட்டறையில் தொங்கிய நட்டு போல்ட்டு டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து உறுமின. சத்தம் காதுக்கு வரும் முன்னே நெஞ்சுக்கு வந்தது.

"எட்டாயிரம். அஞ்சு பேரும் நம்ம வீட்டுல," என்றான்.

சனிக்கிழமை நீரஜா ஏறிய பஸ் தெருமுனை திரும்புவதற்குள் ஒன்பது பேரும் படியேறிவிட்டார்கள். பைகள், போர்வைகள், ஒரு அண்டா. எல்லாரும் வரிசையாகக் குளித்தார்கள். எட்டாவது ஆள் சோப்புப் போட்ட நிலையில் தண்ணீர் நின்றது.

கீழ் வீட்டில் இருந்து ஓனர் திருவேங்கடம் மூச்சு வாங்க மேலே வந்தார். "டேங்கு காலி! ரெண்டு பேரு கீற வீட்டுல இன்னாப்பா இது திருவிழா? யாரு இவுங்க எல்லாம்?"

ஆதிகேசவன் பார்வை ஹால் மூலைக்குப் போனது. "பேண்டு ஆளுங்க சார். ஆண்டுவிழாவுக்குப் பிராக்டிஸ்."

திருவேங்கடம் ஒவ்வொருவராகப் பார்த்தார். அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வேலூர் அம்மாளிடம் பார்வை நின்றது. "இந்தம்மா இன்னா வாசிக்கும்?"

"அண்டாதான் சார்."

"ஓஹோ!" திருவேங்கடம் முகம் மலர்ந்தது. "நாளைக்குக் காலைல எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. அவுங்கள மேல கூட்டினு வரேன், வாசிச்சுக் காட்டுங்க. பேண்டுதானான்னு பாக்கறேன். இல்லன்னா நீரஜாம்மாவுக்கு ஃபோன் பண்ணி இன்னா ஏதுன்னு கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கிடாரையும் ஆம்ப்பையும் பார்வையிட வந்த ஜெபகுமார் வாசலிலேயே நின்றுவிட்டார். ராத்திரியே மலைக்குப் போய்த் திரும்பியவர்கள், ஹால் முழுக்க மொட்டை. ஒன்பது மொட்டையிலும் சந்தனம். அம்மாள் அண்டாவோடு, ஒருவர் எவர்சில்வர் தட்டோடு, மற்றவர்கள் ஆளுக்கொரு டம்ளர் கரண்டியோடு. எதிரே பாயில் திருவேங்கடமும் அவர் சம்பந்தியும்.

"என்ன பிரதர் இது?" என்று காதோடு கேட்டார்.

"பேண்டு சார். வெளிய சொல்லிடாதீங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஜெபகுமார் சர்ச்சில் இருபது வருஷம் வாசித்தவர். கூட்டத்தைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. "எல்லாரும் தெரிஞ்சதைச் சொல்லட்டும். நீங்க கீழே தாங்கிப் பிடிங்க, அதுதான் பேஸுக்கு வேலை," என்று சொல்லிக் கையைத் தட்டித் தாளம் கொடுத்தார்.

"கோவிந்தா!" என்றார் ஒருவர்.

"கோவிந்தா!" என்றது ஹால்.

ஆதிகேசவன் கம்பியைத் தொட்டான். முதல் நாலு சுற்றில் தாளத்தைத் தவறவிட்டான். ஐந்தாவது சுற்றில் அண்டாவும் அவன் கம்பியும் ஒரே இடத்தில் விழுந்தன. அலமாரியில் தட்டுகள் சிலிர்த்தன. கோவிந்தா வேகம் எடுத்தது, அவனும் எடுத்தான். மலைப்படியில் கூட இப்படிக் குரல் வந்திருக்காது என்று மொட்டைகள் எல்லாம் எழுந்து ஆட, சம்பந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இத்தனை பேரையும் தன் நாலு கம்பிதான் தூக்கிக்கொண்டு போகிறது என்று தெரிந்தபோது ஆதிகேசவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறந்ததில் இருந்து அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

முடிந்ததும் ஜெபகுமார் அவன் தோளைப் பிடித்தார். "வெள்ளிக்கிழமை ரிகர்சல். ஸ்ரீசிட்டிப் பையன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"உங்க பேண்டைப் பத்தி நீரஜாம்மாகிட்ட நான் மூச்சு விட மாட்டேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திருவேங்கடமும் இறங்கிப் போனார்.

அப்போது ஃபோன் அடித்தது. நீரஜா.

"மாமா காரு திருப்பதி வரைக்கும் வருதுங்க, அதுலயே வந்துட்டேன். பாகாலா தாண்டிட்டோம், இன்னும் ஒரு மணி நேரம்தான். மதியம் துன்ன எனக்கும் சேத்து அரிசி போடுங்க."

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த வேலையைப் பார்த்திருந்தால் கம்பெனியில் பதவி உயர்வே கொடுத்திருப்பார்கள். ஒன்பது பேரையும் மூன்று ஆட்டோவில் ஏற்றினான். அவர்கள் அன்போடு திணித்த லட்டுகளைக் கிடார் உறையின் பையில் ஒளித்தான். தலையணைகளைப் பார்த்தபோதுதான் திக்கென்றது. ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக மஞ்சள் சந்தனம். உறைகளை உருவித் துவைத்து, கொடியில் போட்டு முடிக்கும்போது கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நீரஜா உள்ளே வந்ததும் கொடியைத்தான் பார்த்தாள். "தலகாணி உறை தொவச்சீங்களா? நீங்களா?"

"சும்மாதான் இருந்தேன்..."

"பத்து வருஷத்துல ஒரு கர்சீப்பு தொவச்சதில்ல." சந்தேகமா, உருக்கமா என்று பிடிபடாத பார்வை. மூக்கை உறிஞ்சினாள். "இன்னா வாசனை இது? ஏலக்கா மாதிரி?"

"கிடாருன்னா அப்படித்தான் நீரஜா. மரம் இல்லியா?"

நல்லவேளை, அவள் கவனம் மூலைக்குப் போனது. கருஞ்சிவப்புக் கிடாரும் கறுப்புப் பெட்டியும் அங்கே மாப்பிள்ளை பெண் மாதிரி நின்றன. "ரெண்டும் சேத்து எவ்ளோ?"

"சரியா பதினஞ்சு. ஒரு ரூபா மேல போகல."

"பரவால்லியே! வாசிங்க பாக்கலாம்."

அவன் வாசித்தான். நீரஜா தரையில் உட்கார்ந்து, பெட்டியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் முகம் மெல்ல இளகியது.

"காதுல இல்லீங்க, நெஞ்சுல கேக்குது," என்றாள். "இதுக்குத்தான் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சீங்களா? வாங்குனது நல்லதுதான். நான் கண்டிஷன் போட்டதும் நல்லதுதான். ஊராளுங்க இருந்தா இப்படி நிம்மதியா கேக்க முடியுமா?"

"முடியவே முடியாது," என்றான் ஆதிகேசவன் மனப்பூர்வமாக.

ரெண்டு நாள் பாரம் இறங்கியது. கிடாரும் இருக்கிறது, பேண்டும் கிடைத்தது, நீரஜாவும் சிரிக்கிறாள். வெங்கடாசலபதிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

காலிங் பெல் அடித்தது. நீரஜாவே போய்க் கதவைத் திறந்தாள். முன்பின் பார்த்திராத ஒரு வேன் டிரைவர், தோளில் ஜமுக்காளச் சுருட்டோடு, அவளைத் தாண்டி ஹால் மூலையை எட்டிப் பார்த்துவிட்டு, தெருப் பக்கம் திரும்பி, "இறங்குங்க, சரியான வீடுதான்!" என்று குரல் கொடுத்தார்.

"யாருங்க நீங்க?" என்றாள் நீரஜா.

"ஓசூருங்கம்மா, எங்க அப்பார்ட்மென்ட்காரங்க இந்தக் கிடாரை நாகையா சாருக்கு விலை குறைச்சுக் குடுக்கும்போதே பேசினதுதான், கிடார் எந்த வீட்ல இருக்கோ அந்த வீட்லதான் மாசா மாசம் சாமி பாக்க வரும்போது நாங்க தங்குறது, அது இப்ப உங்க வீட்டுக்கு மாறிடுச்சுன்னு அவரே அட்ரஸ் குடுத்தாரு!"